மேடம் சொன்ன மாதிரி

டாக்டர் நாச்சியப்பனின் பெயரில் அறுநூற்றுப் பதினான்கு ஆய்வுக் கட்டுரைகள் வெளிவந்திருந்தன. அவற்றில் நாற்பதையாவது அவர் படித்திருப்பார் என்று பெருந்தன்மை உள்ளவர்கள் சொன்னார்கள். மற்றவர்கள் அந்த நாற்பதைக் கேட்டே சிரித்தார்கள். கேளம்பாக்கத்துக்கு அப்பால் இருந்த மரபணு ஒழுங்கு ஆய்வு நிலையத்துக்கு அவர் பதினேழு வருடமாக இயக்குநர். அங்கே யார் எந்தச் சோதனைக்குழாயைக் குலுக்கினாலும் கட்டுரையில் கடைசிப் பெயர் அவருடையதாக இருக்கும். நோகாமல் நொங்கு தின்பதற்கென்று அரசாங்கத்தில் ஒரு பதவி உண்டென்றால் அது இதுதான்.

"அமிர்தா, கடிதம் பார்த்தீங்களா? விஞ்ஞானப் பதக்கத்துக்கு ஒரே ஒரு பேரு கேக்கறாங்க," என்றார். அந்த ஒன்று யார் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை. புகைப்படக்காரரை ஏற்கெனவே வரச்சொல்லியிருந்தார்.

"பார்த்தேன் சார். பொறிச் சோதனையை முதல்ல கண்டுபிடிச்சவங்க பேரு வேணுமாம்."

"அதான். என் வழிகாட்டுதல்ல நீங்க செஞ்சது. உங்க உழைப்பைப் பத்தி மேடையில ரெண்டு வார்த்தை கண்டிப்பா சொல்லுவேன்."

டாக்டர் அமிர்தவல்லிக்குக் காதுமடல் சூடேறியது. இருபத்திரண்டு வருடம் அவள் ஆர்.என்.ஏ.வோடு குடித்தனம் நடத்தியவள். பிள்ளை பள்ளிக்கூடத்தில் மேடையேறிய நாளிலும் அவள் ஆய்வகத்தில் பனிக்கட்டிப் பெட்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அத்தனைக்கும் இரண்டு வார்த்தை.

"சார், நம்ம சோதனையையே பண்ணிப் பார்த்துடலாமே," என்றாள்.

"யாருக்கு?"

"உங்களுக்கும் எனக்கும்."

நாச்சியப்பன் கொஞ்சமும் அசரவில்லை. "தாராளமா," என்று சிரித்தார். பதினேழு வருடத்தில் அவர் தன் கட்டுரைகளை மனதார நம்பத் தொடங்கியிருந்தார்.

பொறிச் சோதனை என்றால் 2041-இல் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு விஷயத்தை நீங்களே சொந்த மூளையால் கண்டுபிடித்தீர்களா, அல்லது அடுத்தவரிடமிருந்து அடித்தீர்களா என்று அது சொல்லிவிடும். விரல்நுனியில் ஒரு சொட்டு ரத்தம். பிறகு அந்த விஷயத்தை உங்களுக்கு வாசித்துக் காட்டுவார்கள். பத்து நிமிடம் கழித்து இன்னொரு சொட்டு. அது உங்கள் சொந்த யோசனை என்றால் திரையில் கோடு எழும்பும். இல்லையென்றால் படுத்தே கிடக்கும்.

நாடு ஆடிப்போய்விட்டது. ஒரு சினிமாக் கதைக்கு உரிமை கேட்டு நாற்பத்தாறு உதவி இயக்குநர்கள் விரலை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். இயக்குநர் மட்டும் மருத்துவ விடுப்பில் போனார். நுழைவுத்தேர்வுப் பயிற்சி மையங்கள் 'எங்கள் மாணவர் கோடு எழும்பும்' என்று சுவரெல்லாம் விளம்பரம் செய்தன. வரன் பார்க்கும் இடத்தில் மாப்பிள்ளையின் முனைவர் பட்டத்துக்குக் கோடு கேட்டார்கள். துணைவேந்தர்கள் ஒன்றுகூடி, ரத்தம் தனிமனித உரிமை என்று தீர்மானம் போட்டார்கள். அதற்கு முன்பு அவர்களுக்கு ரத்தத்தின் மீது இவ்வளவு பற்று இருந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

பதக்கக் குழுவின் தலைவர் ஓய்வு பெற்ற நீதிபதி தேவசகாயம். அறிவியல் தெரியாது என்பதை ஒப்புக்கொள்ளும் அளவுக்கு அறிவுள்ளவர். அமிர்தவல்லியை உட்காரவைத்து, "எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்கம்மா," என்றார்.

"ஐயா, டி.என்.ஏ. சட்டப் புத்தகம் மாதிரி. அலமாரிக்குள்ள பூட்டியே இருக்கும். வெளிய வராது. அதுலேர்ந்து வேணுங்கற பக்கத்தை மட்டும் நகல் எடுத்து அமல்படுத்துவாங்க. அந்த நகல்தான் ஆர்.என்.ஏ."

"சரி."

"ஆனா எல்லாச் சட்டமும் எல்லா நேரமும் அமல்ல இருந்தா உடம்பு தாங்காது. அதனால குட்டிக் குட்டி ஆர்.என்.ஏ. சிலது இருக்கு. அது போய் நகல் மேல ஒட்டிக்கிட்டு, இது இப்ப செல்லாதுன்னு நிறுத்திடும்."

"தடை உத்தரவு!" என்றார் நீதிபதி. "அட, உடம்புக்குள்ளயும் ஸ்டேதானா?"

"அதேதான் ஐயா. ஒருத்தர் ஒண்ணை சொந்தமா கண்டுபிடிக்கிறப்போ மூளையிலேர்ந்து ஒரு புது மாதிரி குட்டி ஆர்.என்.ஏ. வருது. அதுதான் பொறி. அந்த யோசனையைத் திரும்பக் கேட்டா, எத்தனை வருஷம் ஆனாலும் மறுபடி ரத்தத்துல எழும்பும்."

"இதை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

அமிர்தவல்லி சொல்லிச் சொல்லிப் பழகிய கதை அது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் நாற்பது கல்லூரி மாணவர்களுக்கு ஒரு கணக்குப் புதிர் கொடுத்து, ரத்தம் எடுத்தார்கள். பரீட்சைப் பதற்றம் எந்த மரபணுவை அணைக்கிறது என்பதுதான் அப்போதைய ஆய்வு. சோதனைப் படத்தின் அடியில் மங்கலாக ஒரு பட்டை வந்தது. சிதைந்துபோன ஆர்.என்.ஏ., குப்பை என்று எல்லாரும் ஒதுக்கும் பட்டை. ஆனால் நாற்பதில் ஒன்பது பேரிடம் மட்டுமே அந்தக் குப்பை இருந்தது. மீதி முப்பத்தொரு பேர் பக்கத்து நாற்காலியைப் பார்த்து எழுதியவர்கள்.

நீதிபதி வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "யார் காப்பி அடிச்சாங்கன்னு எப்படித் தெரிஞ்சுது? பரீட்சை நடந்த அறையில நீங்க இருந்தீங்களா?"

"இல்ல ஐயா. என் மாணவி ஒருத்தி மேற்பார்வை பார்த்தா. முத்துச்செல்வி."

"அவங்களையும் கூப்பிடுங்க."

அமிர்தவல்லிக்கு அதில் ஆட்சேபம் இல்லை. மடியில் கனமில்லாதவளுக்கு வழியில் என்ன பயம்? அவளுக்கு அந்த மத்தியானம் நன்றாக ஞாபகம் இருந்தது. ஜன்னலோரம் நின்று, வெளியே வேப்பமரம் ஆட, "இது குப்பை இல்லை," என்று தான் சொன்னது காதில் இன்னும் கேட்டது.

முத்துச்செல்வி கோவில்பட்டியிலிருந்து ரயிலில் வந்தாள். ஒரு பால் குளிரூட்டும் நிலையத்தில், வரும் பாலில் எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு தண்ணீர் என்று பார்க்கும் வேலை. கையில் ஒரு பை நிறைய சேவும் கடலைமிட்டாயும் கொண்டுவந்திருந்தாள். மேடத்தின் அறைக்குள் வந்ததும் சொல்லாமலே நின்றுகொண்டாள்.

"உக்காரும்மா. சும்மா ஒரு நடைமுறைக்குத்தான் கூப்பிட்டிருக்காங்க."

"சரிங்க மேடம்."

"அந்தப் பட்டை விஷயம் உனக்கு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு மேடம். எல்லாம் மேடம் சொன்னதுதானே," என்றாள் செல்வி, யோசிக்காமல்.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. நாச்சியப்பனின் கூட்டங்களில் யார் எழுந்தாலும் 'சார் வழிகாட்டுதலின்படி' என்றுதான் ஆரம்பிக்கவேண்டும். அது அமிர்தவல்லிக்குப் பற்றிக்கொண்டு வரும். தனக்கென்று ஓர் ஆய்வகம் அமைந்தபோது அந்த அடிமைத்தனத்தை அடியோடு ஒழித்தாள். அவளுடைய வாராந்தரக் கூட்டத்தில் அந்தச் சொற்றொடரை யாரும் உச்சரிக்கக்கூடாது. அதற்குப் பதிலாக மாணவர்கள் 'மேடம் சொன்ன மாதிரி' என்று ஆரம்பித்தார்கள். அப்படிச் சொல்லும்படி அவள் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. சொல்லாதவர்களுக்கு அந்த மாதம் நுண்ணோக்கியில் நேரம் கிடைக்காமல் போனது, அவ்வளவுதான். மூத்த மாணவர்கள் இளையவர்களுக்கு முதல்நாளே காதில் ஓதிவிடுவார்கள்.

சோதனை நாள் வந்தது. நாட்டிலேயே அந்தக் கருவியைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் இயக்கத் தெரிந்தவர் புகார்தாரரான அமிர்தவல்லி ஒருவரே என்பதில் குழுவுக்கு எந்தச் சிக்கலும் தோன்றவில்லை. ஒரே ஏற்பாடு, குழாய்களில் பெயர் இருக்காது. எண் மட்டும்தான். எந்த எண் யாருடையது என்ற சீட்டு நீதிபதியின் சட்டைப்பையில்.

நீதிபதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "அடிப்பட்டை குப்பையல்ல. சொந்தமாக விடை கண்டவர்களிடம் மட்டுமே அது உண்டாகிறது," என்று தீர்ப்பு வாசிக்கிற குரலில் வாசித்தார். இயக்குநர், அமிர்தவல்லி, செல்வி மூன்று பேரும் கேட்டார்கள். நாச்சியப்பன் தலையை ஆட்டி ரசித்தார். பத்து நிமிடம் கழித்து இரண்டாவது சொட்டு எடுத்தார்கள்.

ஒன்றாம் எண் படுத்துக் கிடந்தது. இரண்டாம் எண்ணும் படுத்துக் கிடந்தது. மூன்றாம் எண் விறுவிறுவென்று ஏறித் திரையின் மேல்விளிம்பைத் தொட்டது.

அமிர்தவல்லிக்குக் கண் கலங்கிவிட்டது. ஜிப்பை இழுத்துக் கைப்பையைத் திறந்து கைக்குட்டையை எடுத்தாள். தன் ரத்தம் தன்னைக் கைவிடவில்லை. இருபத்திரண்டு வருட வயிற்றெரிச்சல் ஒரு கோட்டில் அடங்கியது போலிருந்தது.

நீதிபதி சீட்டைப் பிரித்தார். "ஒண்ணு, இயக்குநர்." நிதானமாக மடிப்பை நீவினார். "ரெண்டு, டாக்டர் அமிர்தவல்லி."

மூன்றாவது பெயரை வாசிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. ஆனாலும் நீதிபதி வாசித்தார்.

"ஏம்மா, இதை நீங்க யார்கிட்டயாவது சொன்னீங்களா?" என்று செல்வியைக் கேட்டார்.

"சொன்னேன் ஐயா. வாரக் கூட்டத்துல எல்லாருக்கும் முன்னாடிதான் சொன்னேன்."

"என்னன்னு?"

செல்வி மேடத்தைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "மேடம் சொன்ன மாதிரி இந்தப் பட்டை குப்பை இல்லன்னு சொன்னேன்."

"மேடம் அதுக்கு முன்னாடி அப்படிச் சொல்லியிருந்தாங்களா?"

"இல்ல ஐயா. அங்க அப்படித்தான் ஆரம்பிக்கணும்."

"ஆதாரம் ஏதாவது?"

"கூட்டக் குறிப்பு இருக்கு ஐயா. நான்தான் எழுதினேன். 'பட்டை குப்பையல்ல என மேடம் கூறினார்'னு எழுதியிருக்கேன்."

அமிர்தவல்லிக்கு அந்த மத்தியானம் மறுபடி கண்முன் வந்தது. ஜன்னல், வேப்பமரம், எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் வேப்பமரத்துக்குப் பின்னால் கம்பிவேலி தெரிந்தது, அவள் ஆய்வக ஜன்னலிலிருந்து தெரியாத வேலி. அது அவளுடைய ஆய்வகம் இல்லை, இயக்குநரின் அறை. கூட்டம் முடிந்து இரண்டு நாள் கழித்து அவரிடம் போய்ச் சொன்னதைத்தான் இத்தனை காலமும் கண்டுபிடித்த கணம் என்று பூஜித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் திருடவில்லை. மாணவி பவ்யமாக, நீங்கள் சொன்னதுதான் என்று கொடுத்தாள். இவள், ஆமாம், நான் சொன்னதுதான் என்று வாங்கிக்கொண்டாள்.

முதலில் சுதாரித்துக்கொண்டவர் நாச்சியப்பன்தான். "கருவியில ஏதாவது கோளாறு இருக்கலாமே. அமிர்தா, நீங்க என்ன சொல்றீங்க?" என்றார் கனிவாக. பதினேழு வருடத்தில் அவர் அவளுடைய கருத்தைக் கேட்டது அதுவே முதல்முறை.

நீதிபதி ஆட்சேபணைக்கு மூன்று வாரம் கொடுத்தார்.

வெளியே தாழ்வாரத்தில் செல்வி காத்திருந்தாள். "மேடம், பதக்கமெல்லாம் எனக்கு வேண்டாம். நீங்களே வச்சுக்குங்க. ஒரே ஒரு உதவி."

"சொல்லு."

"நாலாம் வருஷம் என் உதவித்தொகைக்கு நீங்க ஒரு அறிக்கை எழுதினீங்க. 'கடும் உழைப்பாளி. சொந்தமாகச் சிந்திக்கும் திறன் போதாது'ன்னு. அதோட தொகை நின்னுபோச்சு, ஊருக்குப் போயிட்டேன். இப்ப ஒரு கல்லூரியில மறுபடி சேத்துக்கறோம்ங்காங்க, பழைய வழிகாட்டிகிட்ட கடிதம் கேக்காங்க. அந்த ஒரு வரியை மட்டும் மாத்திக் குடுத்தீங்கன்னா போதும் மேடம்."

அந்த வரியை எழுதியது அமிர்தவல்லிக்கு ஞாபகமே இல்லை. எல்லா மாணவர்களுக்கும் எழுதுகிற வரி அது. "கட்டாயம் எழுதறேம்மா," என்றாள். அந்த நிமிடத்தில் அதை மனப்பூர்வமாகத்தான் சொன்னாள்.

இரண்டு வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நீதிபதிக்கு உண்மையை எழுதிவிடலாம் என்று மூன்று முறை உட்கார்ந்தாள். மூன்று முறையும் முதல் வரியிலேயே கை நின்றது. உண்மையை எழுதினால் இருபத்திரண்டு வருடத்தில் அவளுக்கென்று என்ன மிச்சம்?

பதினைந்தாம் நாள் காலையில் நாவலூர் முக்கில் ஒரு ஹோட்டலில் டிபனுக்கு நின்றாள். தோசைக்கல்லின் முன்னால் புதிதாகச் சேர்ந்தவன் ஒருவன் கல்லின் ஓரம் பட்டு 'ஆ'வென்று துள்ளினான். வயதான மாஸ்டர் அவனை நகர்த்திவிட்டு, வெறும் விரலால் தோசையைக் கிளப்பினார்.

"உங்களுக்குச் சுடாதா?" என்று கேட்டாள்.

"தினம் தொடறவனுக்கு என்னம்மா சுடும்? புதுசா தொடறவன்தான் குதிப்பான்."

அமிர்தவல்லி தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை சிலிர்த்தது. இப்படி ஒரு சிலிர்ப்பு இதற்கு முன் தனக்கு எப்போது வந்தது என்று யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை. சட்னி ஓடித் தட்டின் விளிம்பைத் தாண்டிப் புடவையில் சொட்டியதைக்கூடக் கவனிக்கவில்லை.

அன்று மாலையே 'மேதைத் தணிவு' என்ற கோட்பாடு பிறந்தது. எப்போதோ ஒருமுறை யோசிப்பவருக்குப் பொறி ஆர்.என்.ஏ. துள்ளிக் குதிக்கும். ஓயாமல் யோசிப்பவருக்கு அது பழகிப்போகும். மரபணு தனக்குத் தானே தடை போட்டுக்கொள்ளும், கோடு எழும்பாது. ஆகவே படுத்த கோட்டுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று, ஆள் யோசிக்கவே இல்லை. இரண்டு, ஆள் மாமேதை. இரண்டில் எது என்பதை ஆளின் பதவியை வைத்துத்தான் முடிவுசெய்ய முடியும்.

நாச்சியப்பன் அதை இரண்டு முறை படித்தார். அவர் இரண்டு முறை படித்த முதல் கட்டுரை அதுவாகத்தான் இருக்கும். "அற்புதம் அமிர்தா. இதுல முதல் பேரு உங்களோடதே இருக்கட்டும்," என்றார். சான்றுக்கு ஆள் தேடும் சிரமமும் இருக்கவில்லை. பதினொரு துணைவேந்தர்கள் ரத்தத்தின் மீதிருந்த பற்றை விட்டுவிட்டுத் தாங்களாகவே விரலை நீட்டினார்கள். பதினொரு கோடுகளும் பாய்விரித்துப் படுத்தன. ஒரு கோட்பாட்டுக்கு இதைவிட வலுவான சான்று வேண்டுமா?

நீதிபதி தேவசகாயம் கட்டுரையை மேசைமேல் வைத்துவிட்டு நெடுநேரம் பார்த்தார். "தப்புன்னு நிரூபிக்க எனக்கு அறிவியல் தெரியாதும்மா," என்றார். "சட்டத்துல சந்தேகத்தின் பலன்னு ஒண்ணு இருக்கு. நாப்பது வருஷமா பார்க்கறேன், அது பெரிய ஆளுங்க வீட்டுக்குத்தான் வழி கண்டுபிடிச்சுப் போகுது."

பதக்கத்தை இயக்குநருக்கும் அமிர்தவல்லிக்கும் இரண்டாகப் பகிர்ந்து கொடுத்தார்கள். மேடையில் நாச்சியப்பன் அவளைப் பற்றிச் சொன்னபடியே இரண்டு வார்த்தை சொன்னார். அடுத்த மாதமே வேலை விளம்பரங்களில் 'கோடு எழும்பாதவர்களுக்கு முன்னுரிமை' என்று வரத் தொடங்கியது.

செல்விக்குக் கொடுத்த வாக்கை அமிர்தவல்லி மீறவில்லை. பழைய வரியை அடித்துவிட்டு, 'இவருடைய கோடு மிக நன்றாக எழும்பக்கூடியது' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. கல்லூரிக்காரர்கள் அதைப் படித்துவிட்டு, அனுபவமில்லாதவர்களைச் சேர்ப்பதற்கில்லை என்று மரியாதையாகப் பதில் போட்டார்கள். செல்வி அந்தப் பதிலை மேடத்துக்கு அனுப்பவில்லை. கல்லூரியே ஒரு நகல் அனுப்பியிருந்தது. அமிர்தவல்லி அதைக் கோப்பில் வைத்தாள். அன்று அவளால் மோர்சாதம்கூடச் சாப்பிட முடியவில்லை.

மறுநாள் காலை எட்டரைக்கே ஆய்வகத்துக்குப் போனாள். இன்னும் யாரும் வந்திருக்கவில்லை. கருவியை இயக்கி, விரலைக் குத்தி ஒரு சொட்டு எடுத்தாள். ஏன் செய்கிறாள் என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. தன் கட்டுரையைப் பிரித்து, "ஓயாமல் யோசிப்பவருக்குக் கோடு எழும்பாது," என்று தனக்குத் தானே சத்தமாக வாசித்துக்கொண்டாள். பத்து நிமிடம் காத்திருந்து அடுத்த சொட்டை விட்டாள்.

கோடு எழும்பியது. செல்வியின் கோட்டைப் போலவே திரையின் மேல்விளிம்பை முட்டிக்கொண்டு நின்றது.

ஒரு நிமிடம் அவளுக்கு மனம் நிறைந்து பொங்கியது. சொந்தமாக ஒரு யோசனை. இருபத்திரண்டு வருடத்தில் முதன்முதலாக, யாரும் கொடுக்காமல், அவளுக்கே அவளுக்கென்று ஒன்று. யாரையாவது கூப்பிட்டுக் காட்டவேண்டும் போல் வாய் துறுதுறுத்தது. அப்புறம்தான் அந்த யோசனை எது என்பது உறைத்தது. காட்டினால் கோட்பாடு போகும். கோட்பாடு போனால் பதக்கம் போகும். கோட்பாடே சரியென்றால், இதோ திரையில் குதித்து நிற்பவள் எப்போதோ ஒருமுறை யோசிக்கிறவள்.

பதிவை அழித்தாள். அழிக்கட்டுமா என்று கருவி இரண்டாம் முறை கேட்டபோது, ஆம் என்று மறுபடி தொட்டாள்.

பத்து மணிக்கு வாராந்தரக் கூட்டம். ஆறு மாணவர்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாம் வருடத்து மாணவி திரிபுரா எழுந்து, படத்தைத் திரையில் போட்டாள். அவள் குரலில் அடக்கமுடியாத ஒரு துள்ளல் இருந்தது. இரண்டு நாளாகத் தூங்காத கண்கள்.

"மேடம் சொன்ன மாதிரி, இந்த இடத்துல தடை போடறது ஒரு ஆர்.என்.ஏ. இல்ல, ரெண்டு சேர்ந்து..."

"இரும்மா," என்றாள் அமிர்தவல்லி. "நான் எப்ப சொன்னேன்?"

திரிபுராவின் முகம் வெளுத்தது. பக்கத்திலிருந்த மூத்த மாணவியைப் பார்த்தாள். அவள் குனிந்து நோட்டைப் புரட்டினாள். அமிர்தவல்லி உண்மையாகவே பதிலுக்காகக் காத்திருந்தாள். இல்லை மேடம், இது நானே யோசித்தது என்று அந்தப் பெண் சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும் என்றுகூட அவளுக்கு இருந்தது.

"போன வாரம் சொன்னீங்களே மேடம்," என்றாள் திரிபுரா.

அமிர்தவல்லி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"ஆமா, சொன்னேன்," என்றாள். "குறிப்புல எழுதிக்கோ."